மான் விட்டு வைத்த செடிகள்

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குப் போகிற நாற்கரச் சாலையில் கங்கைகொண்டான் வந்ததும் பஸ்ஸில் யாராவது ஒருவர் "அந்தா மான்" என்று கை காட்டுவார், பாதி பஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். பார்த்து முடித்ததும் கட்டாயம் ஒரு குரல் வரும்: "மான் இவ்ளோ பெருகியிருக்குன்னா காடு நல்லா இருக்குன்னு அர்த்தம்." அந்த வாக்கியத்தோடு எனக்கு ரொம்ப நாளாக ஒரு தகராறு உண்டு. மான் நிறைய இருந்தால் மான் நிறைய இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். காடு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மானை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும், அங்கே எது முளைத்திருக்கிறது, எது முளைத்தும் தலைதூக்க முடியாமல் கிடக்கிறது, எதை மான் மோந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டு வைத்திருக்கிறது என்று.

நம் சீமையிலேயே இதற்கு மூன்று விதமான இடம் இருக்கிறது. மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-இல் வந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், உட்பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். வடக்கே இந்தக் கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம், 2013-இல் அறிவித்தது, மொத்தம் 288 ஹெக்டேர், அதாவது மூன்று சதுர கிலோமீட்டர் கூடத் தேறாது. கிழக்கே தூத்துக்குடி போகிற வழியில் வல்லநாடு, வெளிமானுக்காக 1987-இல் ஒதுக்கின பொத்தையும் (சிறு குன்று) முள்காடும், 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்தியாவில் வெளிமான் வாழ்கிற இடங்களில் தெற்கே கடைசி அதுதான். (வல்லநாடு இப்போது தூத்துக்குடி மாவட்டம். ஆனால் அது நெல்லைச் சீமை இல்லை என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள்.) மூன்றுக்கும் ஒரே சட்டம், வாசலில் ஒரே மாதிரிப் பலகை. உள்ளே மேய்கிற விலங்கு செடிகொடிக்குச் செய்கிற காரியம் மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

முதலில் புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மிச்சம் விளங்காது. மரக்கன்றுக்கு வளர்கிற முனை உச்சியில் இருக்கிறது. அதை ஒரு மான் கடித்துவிட்டால் அந்த வருஷத்து வளர்ச்சி போச்சு, பக்கவாட்டில் கிளைத்துக் கிளைத்துப் புதராகவே நிற்கும். புல்லுக்கு வளர்கிற இடம் மண்ணை ஒட்டி அடியில் இருக்கிறது, மேலே எவ்வளவு கடித்தாலும் கீழிருந்து தள்ளிக்கொண்டு வரும். மேயும் விலங்குகளோடு சேர்ந்தே லட்சக்கணக்கான வருஷம் பழகின செடி அது. அளவாகக் கடிபட்ட புல் இளசாகவே இருக்கும். கடிபடாத புல் உயர்ந்து, முற்றி, தண்டு நாராகி, தன் துளிருக்கே வெயில் படாமல் மறைத்துக்கொள்ளும். தான்சானியாவின் செரெங்கெட்டியில் இதை அளந்து பார்த்த சாமுவேல் மெக்நாட்டன் என்கிற சூழலியலாளர் 1970-களின் கடைசியில் எழுதினார்: மிதமான மேய்ச்சலில் புல்லின் மொத்த விளைச்சல் மேயாத புல்லை விடக் கூடுகிறது, ஓர் அளவைத் தாண்டினால் சரிந்துவிடுகிறது. அப்புறம் சாணி, மூத்திரம். இலையாக உதிர்ந்து மக்கி மண்ணுக்குப் போய்ச்சேர மாதக்கணக்காகும் தழைச்சத்து, வயிற்று வழியாகச் சில நாளில் இறங்கிவிடுகிறது.

இது எங்கள் பக்கத்து விவசாயிக்குப் புதுச் செய்தியே இல்லை. பிசானம் அறுப்பு முடிந்ததும் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவது இதற்குத்தான். கிடை போட வருகிற அண்ணாச்சி ஒருவரிடம், நல்ல உரம்தானே, ஒரே வயலில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஒரு எடத்துல ரெண்டு ராத்திரிக்கு மேல கெட போட்டா மண்ணு வெந்துரும் தம்பி. பெறவு பயிரு தழையா வளந்து சாஞ்சிரும், நெல்லு பிடிக்காது. ஆடு நடந்துக்கிட்டே இருக்கணும்லா, அதுக்குத்தான கால் வச்சிருக்கான்."

நான் இந்த விஷயத்தில் படித்த ஆராய்ச்சிகளில் பாதி சுற்றிச் சுற்றி அந்தக் காலில்தான் வந்து நிற்கிறது. எத்தனை விலங்கு என்பது ஒரு கேள்வி. அது நகர்ந்து போக இடம் இருக்கிறதா, திரும்பி வருவதற்குள் செடிக்கு ஓய்வு கிடைக்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

கங்கைகொண்டானில் மான் எங்கே நகரும்? சுற்றிலும் நாற்கரச் சாலை, ரயில் பாதை, வயல், சிப்காட் தொழிற்பேட்டை. புலியோ செந்நாயோ அங்கே கிடையாது, மானைக் கொல்வது தெருநாயும் லாரியும்தான். வேட்டை விலங்கு செய்கிற பெரிய வேலை கொல்வது என்று நினைக்கிறோம், ஆனால் அது ஓர் இடத்தில் நிம்மதியாக நின்று தின்ன விடாமல் மானைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது பாருங்கள், செடிக்கு அதனால் கிடைக்கிற மூச்சு ரொம்பப் பெரிசு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் 1995-இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபின் ஆற்றோரத்து வில்லோ செடிகள் பல இடங்களில் தலைதூக்கின. அதில் ஓநாயின் பங்கு எவ்வளவு, மற்றதின் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.

கிளப்ப ஆளில்லாமல், போக இடமில்லாமல் மான் ஒரே திட்டில் நின்றால் முதலில் போவது மரக்கன்றுகள். இலந்தை, வெள்வேல், வேம்பு என்று எது முளைத்தாலும் முழங்கால் உயரம் தாண்டாது. பெரிய மரம் அப்படியே நிற்கும், நிழலும் தரும், காயும் காய்க்கும், ஆனால் அதற்கு வாரிசு இருக்காது. சாலையிலிருந்து பார்க்கிறவனுக்குப் பச்சையாகத்தான் தெரியும், அதுதான் இதில் இருக்கிற வம்பு. அடுத்து, வருஷம் முழுக்க வேர் பிடித்து நிற்கிற கொழுக்கட்டைப்புல் மாதிரியான நல்ல புல் குறைந்து, மழை பெய்தால் முளைத்து ஒரு மாதத்தில் காய்ந்துபோகிற சில்லறைப் புல் அந்த இடத்துக்கு வரும். கடைசியில் மான் வாய் வைக்காத ஆவாரையும் எருக்கும் விராலியும் மட்டும் தழைத்து நிற்கும். எங்கள் ஊர்ப் புறம்போக்குகளில் ஆடுமாடு மேய்ந்து மேய்ந்து இதே வரிசையில் ஆனதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதையே மான் செய்தால் மட்டும் 'இயற்கை' என்று சொல்லிவிடுகிறோம்.

இது கற்பனையான பயம் இல்லை. அந்தமானில் ஆதியில் புள்ளிமான் கிடையாது, வெள்ளைக்காரர்கள்தான் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அதைப் பிடித்துத் தின்ன ஒரு பெரிய மிருகமும் இல்லை, தீவு தீவாக நீந்திப் பரவியது. அங்கே காட்டுத் தரையில் இளங்கன்றுகள் எப்படி அற்றுப்போகின்றன என்று 2004-இல் எழுதினவர் ரவூஃப் அலி. அவர் அதற்கு வெகுகாலம் முன்னால் நம் முண்டந்துறையில் நாட்டுக் குரங்குகளின் பின்னால் அலைந்து ஆராய்ச்சி செய்தவர் என்பது எனக்குக் கொஞ்சம் பெருமை. ஒரே புள்ளிமான்தான். முண்டந்துறையில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் கூட இருக்கும்போது அது காட்டுக்கு ஒத்தாசை, அந்தமானில் அது காட்டைத் தின்கிற பூச்சி.

ஒத்தாசை என்று சும்மா சொல்லவில்லை. நெல்லிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு நெல்லிக்காயைப் பரப்புவது யார் என்று சவும்யா பிரசாத் முதலிய ஆராய்ச்சியாளர்கள் முதுமலையிலும் வடக்கே ராஜாஜி தேசியப் பூங்காவிலும் ராத்திரி பகலாகக் கவனித்துப் பார்த்தார்கள். புள்ளிமான் போன்ற அசைபோடும் விலங்குகள் காயை முழுதாக விழுங்கிவிட்டு, பிற்பாடு எங்கோ படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடுகின்றன. தாய் மரத்தடியில் விழுந்து மடங்க வேண்டிய விதை இன்னோர் இடத்துக்குப் போய்விட்டது. மான் இல்லாத காட்டில் நெல்லிக்கு ஒரு முக்கியமான வாகனம் போச்சு. இது மரக்கன்றைக் கடிக்கிற அதே வாய் என்பதுதான் விஷயம்.

யானையும் அப்படித்தான். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேலான ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, வருஷா வருஷம் கணக்கெடுக்கிறது. ஆரம்பத்தில் அங்கே ஏராளமாக இருந்த மரங்களில் ஒன்று கைடியா காலிசினா, பட்டையில் நார் உரிகிற ஒரு மரம். யானைக்கு அது ரொம்பப் பிடிக்கும். சில வருஷங்களிலேயே அதன் எண்ணிக்கை தடதடவென்று இறங்கிவிட்டது. இதை யானை செய்த நாசம் என்பதா, காட்டின் போக்கே அப்படித்தான் என்பதா? நான் இரண்டாவது கட்சி, ஏனென்றால் முதுமலை யானைக்குக் கர்நாடகா வரைக்கும், வயநாடு வரைக்கும் நடக்க வழி இருக்கிறது. அதே யானைகளை அந்த 50 ஹெக்டேருக்குள் வேலி போட்டு அடைத்திருந்தால் முதல் கட்சிக்கு மாறியிருப்பேன்.

வல்லநாட்டுக் கதை இன்னும் கோணல். வெளிமானுக்குத் திறந்த வெளிதான் உயிர். அதன் ஆயுதம் கண்ணும் காலும், தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டு ஓடினால் பிழைக்கும். புதருக்குள் அது குருடனுக்குச் சமம். அந்த வெளியை இப்போது பிடித்துக்கொண்டு வருவது சீமைக்கருவேல். எங்கள் பக்கம் இதையும் 'உடமரம்' என்றே சொல்லி, பாவம், குடை மாதிரி விரிந்து நிற்கிற நாட்டு உடையின் பேரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டோம். கோடையில் தரையில் வேறொன்றும் இல்லாதபோது சீமைக்கருவேல் நெற்று மஞ்சளாக, இனிப்பாக உதிர்ந்து கிடக்கும். ஆடும் தின்னும், மாடும் தின்னும், மானும் தின்னும். விதைக்கு ஒன்றும் ஆகாது, வயிற்றில் ஊறி, தோல் இளகி, புழுக்கையோடு உரமும் சேர்ந்து இறங்கும். கிடை போட்ட வயலில் அடுத்த மழைக்கு என்ன முளைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மான் செய்கிற வேலையில் ஆட்டுக்கு இல்லாத ஒரு நுணுக்கம் உண்டு. குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்காவில் செய்த ஓர் ஆராய்ச்சி 2013-இல் வெளிவந்தது. வெளிமானில் ஆணான கலைகள், பெண்ணான பிணையைக் கவர நல்ல திறந்த புல்வெளியாகப் பார்த்து ஆளுக்கொரு திட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அந்தத் திட்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவிக்கும், இது என் எல்லை என்று காட்ட. சீமைக்கருவேல் விதை கொத்தாகக் கிடந்தது அந்தக் குவியல்களில்தான். கவனியுங்கள், புல்வெளியிலேயே எந்த இடம் மானுக்கு ரொம்பத் தேவையோ, எங்கே கூடிக் குடும்பம் நடத்துகிறதோ, அங்கேதான் அது தன் எதிரியை உரம் போட்டு விதைக்கிறது. மரம் வளர்ந்து வெளி அடைந்ததும் மான் அடுத்த வெளிக்கு நகர வேண்டும். வேளாவதரிலாவது அது பரந்த சமவெளி. 16 சதுர கிலோமீட்டரில் ஒரு பொத்தையைச் சுற்றி வாழ்கிற மானுக்கு அடுத்த வெளி ஏது?

அதற்காகப் பொக்லைனை விட்டு எல்லாவற்றையும் ஒரே கோடையில் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. வறட்சிக் காலத்தில் மானுக்கு வயிறு நிறைப்பது இப்போது அந்த நெற்றுதான், அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் மான் நேரே பயறு வயலுக்குப் போகும், அப்புறம் அந்தப் பஞ்சாயத்தை யார் தீர்ப்பது. கலைகள் நிற்கிற திறந்த திட்டுகளைச் சுற்றி முதலில் வேரோடு எடுப்பது, வெட்டினால் தூரிலிருந்து பத்தாகக் கிளைக்கும் என்பதால் வேரோடுதான் எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் நாட்டுப் புல்லை நிற்க விடுவது, அது நின்ற பிறகு அடுத்த திட்டு. மெதுவான வேலை. போட்டோ எடுத்துப் போட ஒன்றும் இருக்காது.

இனி முண்டந்துறை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போகிற கூட்டம் பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டி அந்த மேட்டுச் சமவெளி வழியாகத்தான் போகிறது. வழியில் மிளா என்கிற கடமானோ புள்ளிமானோ ஒன்றிரண்டு தட்டுப்படலாம், முதுமலை பந்திப்பூர் மாதிரி மந்தை மந்தையாகப் பார்க்க முடியாது. காப்பகத்தில் கணிசமான பகுதி மழைக்காடு, அதன் தரையில் வெயிலே விழாது, அப்புறம் புல் எங்கே இருக்கும்? மேய்கிற விலங்குக்கு ஏற்ற இடம் முண்டந்துறைச் சமவெளியும் கீழ்ச் சரிவுகளும்தான், அங்கேயோ பல இடங்களில் உண்ணிச்செடி (லன்டானா) அடைத்துக்கொண்டிருக்கிறது. உண்ணிச்செடியை மாடும் தொடாது மானும் தொடாது, தழை விஷம். பழத்தைக் குருவி தின்று விதையைப் பரப்பிவிடும். மிச்சச் சரிவில் எலுமிச்சை வாசனை அடிக்கிற ஆளுயர முரட்டுப் புல். அது முற்றிவிட்டால் எந்த விலங்கும் சீந்தாது, தை மாசி தாண்டினால் காய்ந்து சருகாகி நிற்கும், பங்குனியில் எங்கிருந்தோ ஒரு தீப்பொறி, முழுச் சரிவும் எரியும். புல்லுக்கு அடியில் உயிர் இருப்பதால் அது திரும்பத் துளிர்க்கும், மரக்கன்றுக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த வருஷம் புல் இன்னும் அடர்த்தி, தீ இன்னும் உயரம்.

தின்ன ஆளில்லாத புல் தீக்குப் போகும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய சாட்சி செரெங்கெட்டி. 1890 வாக்கில் ஆப்பிரிக்காவுக்குள் வெக்கை நோய் புகுந்தது. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த நோயின் பெயரைச் சொன்னாலே முகம் மாறும், தொழுவம் தொழுவமாகக் காலி பண்ணின நோய். அங்கே மாட்டோடு சேர்ந்து காட்டு மிருகங்களும் மடிந்தன, வைல்டபீஸ்ட் என்கிற மந்தை மான் ரொம்பக் காலம் எழும்பவே இல்லை. சுற்றியிருந்த ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்ததும் காட்டில் நோய் தானாக நின்றது. 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் சொச்சம் இருந்த வைல்டபீஸ்ட், 1970-களின் கடைசியில் 13 லட்சத்தைத் தொட்டது. அவ்வளவு வாய் சேர்ந்து புல்லைத் தின்றதில் எரிவதற்குச் சருகு மிஞ்சவில்லை, காட்டுத்தீ குறைந்தது, தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் பிழைத்து மேலே வந்தன. மாட்டுக்குப் போட்ட ஊசி, பல வருஷம் கழித்து மரமாக வந்து நிற்கிறது. நடுவில் இருந்தது ஒரு புல் தின்னும் மந்தை, அதுவும் வருஷம் முழுக்க மழையைத் துரத்தி நடந்துகொண்டே இருக்கிற மந்தை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் முண்டந்துறையில் மறுபடி மாட்டை விட்டால் தீ குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு, எங்கள் சொந்தக்காரர்களே கேட்பார்கள். தாத்தா காலத்தில் பால் வற்றிய மாட்டையும் காளைக்கன்றையும் மலைக்குப் பத்தி விட்டுவிட்டுச் சாணிக்காகத்தான் வைத்திருந்தார்கள், அது அடிவார ஊர்களில் வழக்கம். எனக்கு அதில் பிடித்தம் இல்லை. ஒன்று, நோய். 1968-இல் முதுமலைப் பக்கத்துக் காட்டுமாடுகளை அள்ளிக்கொண்டு போனது இதே வெக்கை நோய். 2011-இல் அதை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டார்கள், சரி, கோமாரியும் மற்றதும் இருக்கிறதே. இரண்டு, மாடு நல்ல புல்லைத்தான் முதலில் தின்னும், காட்டுமாட்டுக்கும் மிளாவுக்கும் போக வேண்டிய புல் அது. பந்திப்பூர் பக்கம் ஊர் மாடுகள் குறைந்த இடத்தில் புள்ளிமான், காட்டுமாடு, யானை மூன்றும் கூடின என்று காட்டுயிர் ஆராய்ச்சியாளர் எம்.டி. மதுசூதன் எழுதியிருக்கிறார்.

அவருடைய இன்னோர் ஆராய்ச்சியை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன், அவ்வளவு பிடித்த கதை. 1994-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பி கருகியது. உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியது. நம் தென்னிந்தியக் காப்பித் தோட்டக்காரர்கள் கையில் காசு புரண்டதும் தோட்டத்துக்கு எரு வாங்கினார்கள். எரு எங்கிருந்து வந்தது? பந்திப்பூர் ஓரத்து ஊர்களிலிருந்து, சாணியாக, லாரி லாரியாக. சாணிக்கு விலை வந்ததும் மாடு பெருகியது, மாடு மேய்ந்தது காப்பகத்துப் புல்லை. காட்டின் தழைச்சத்து மாட்டு வயிறு வழியாக காப்பித் தோட்டத்துக்கு வண்டி ஏறிவிட்டது. மேய்ச்சலால் மண் செழிக்கும் என்று முன்னால் சொன்னேனே, அதற்குச் சாணி அங்கேயே விழ வேண்டும். சாணியை அள்ளி விற்றுவிட்டால் அது மேய்ச்சல் இல்லை, அறுவடை.

அதே சமயம், வேலி போட்டு மேய்கிற வாயை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டால் செடி செழித்துவிடும் என்கிற நம்பிக்கையும் என்னிடம் இல்லை. கென்யாவில் 1995-இல் ஒரு பெரிய சோதனை ஆரம்பித்தார்கள், 4 ஹெக்டேர் வீதம் 18 அடைப்புகள். ஒன்றில் எல்லாம் மேயலாம், ஒன்றில் மாடு மட்டும், ஒன்றில் காட்டு விலங்கு மட்டும், ஒன்றில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மட்டும் நுழைய முடியாது, ஒன்றில் எதுவுமே நுழைய முடியாது, இப்படி. அந்த ஊரில் ஒரு வகை வேலமரம், முள்ளின் அடி உருண்டையாக வீங்கியிருக்கும், அதற்குள் எறும்பு குடியிருக்கும். மரம் எறும்புக்கு வீடும் தேனும் தரும், யானை கிளையை வளைத்தால் எறும்பு ஓடிவந்து தும்பிக்கையில் கடிக்கும். பத்து வருஷம் பெரிய விலங்கே அண்டாமல் வேலிக்குள் நின்ற மரங்கள் என்ன செய்தன தெரியுமா? ஆபத்து இல்லையே என்று தேனையும் வீங்கின முள்ளையும் குறைத்துக்கொண்டன. காவல் எறும்பு விலகிப் போனது, வேறொரு வகை எறும்பு வந்து பிடித்துக்கொண்டது, அதற்கு மரத்தைத் துளைக்கிற வண்டு வந்தால் கவலை இல்லை. கடைசியில் யானை தின்ற மரத்தை விட யானை தின்னாத மரம் மெதுவாக வளர்ந்தது, கூடுதலாகச் செத்தது. 2008-இல் இது வெளிவந்தபோது பலருக்கும் அதிர்ச்சி.

அங்கேயே மாட்டையும் காட்டு விலங்கையும் சேர்த்து மேய விட்டுப் பார்த்ததில் 2011-இல் இன்னொன்று தெரிந்தது. வறட்சியில் வரிக்குதிரையும் மற்றதும் மாட்டோடு போட்டி போடுகின்றன, மாட்டுக்கு எடை ஏறவில்லை. மழைக்காலத்தில் அவையே முற்றின புல்லைத் தின்று இளம்புல்லுக்கு வழி விடுகின்றன, மாட்டுக்கு எடை தனியாக மேய்ந்ததை விடக் கூடுகிறது. ஒரே நிலம், ஒரே விலங்கு, பருவம் மாறினால் பகையும் உறவும் இடம் மாறிவிடுகிறது. கிடை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால் இதற்கா வேலி போட்டுப் பார்த்தார்கள் என்று சிரிப்பார்.

நம் நாட்டில் இதைக் கசப்பாகக் கற்ற இடம் ராஜஸ்தானின் பரத்பூர், கேவலாதேவ் பறவைகள் சரணாலயம். 1982-இல் அங்கே எருமையும் மாடும் மேயத் தடை போட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சரி, தடையால் பறவைக்காவது நல்லது நடந்ததா என்றால், எருமை தின்றுகொண்டிருந்த பாஸ்பாலம் என்கிற நீர்ப்புல் தடுக்க ஆளில்லாமல் ஏரியை அடைத்துக்கொண்டது, திறந்த தண்ணீர் குறைந்தது, பறவைகளுக்கு மீன் பிடிக்கவும் கிழங்கு தோண்டவும் இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்து வருஷம் ஆராய்ந்து, எருமை அந்த ஏரிக்கு வேண்டிய விலங்கு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் செத்தவர்கள் செத்தது செத்ததுதான்.

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு முழுவதும் மாடு மேய்க்கத் தடை என்று முதலில் சொல்லி, பிறகு அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியபோது எனக்கு பரத்பூர்தான் ஞாபகம் வந்தது. முண்டந்துறைக்கு அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன், மேலே காரணமும் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு தடை எல்லா இடத்துக்கும் சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேய்க்கால் புறம்போக்கு எல்லாம் பட்டாவாகவும் பிளாட்டாகவும் போன ஊர்களில் மாட்டுக்காரனைக் காட்டிலிருந்து துரத்துவது சுலபம், அவன் எங்கே போவான் என்பதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

முண்டந்துறைக்கு வேண்டியது மாடு இல்லை, காட்டுமாடு. உண்ணிச்செடியை எடுத்து, எடுத்த இடத்தில் புல்லை நிற்க வைத்து, மிளாவும் காட்டுமாடும் தானாகக் கூடுகிற வரைக்கும் பொறுத்திருப்பது. நாங்குநேரியில் பிறந்து இந்த மலையைப் பற்றி வருஷக்கணக்காக எழுதின காட்டுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 2024-இல் காலமானார். புலியைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் இரையையும், இரை தின்கிற புல்லையும் பார் என்கிற பார்வையை எங்களில் பலருக்குப் பழக்கினவர் அவர்.

கங்கைகொண்டானுக்கு என்ன செய்வது என்று கேட்டால் எனக்கு நேரான பதில் கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிற வரை மானைச் சுட்டுக் குறைக்கிற பேச்சுக்கு இடமில்லை, எனக்கும் அதில் விருப்பமில்லை. பிடித்து வேறிடத்தில் விடலாமே என்பார்கள். புள்ளிமானைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை, பிடிபட்ட பயத்திலேயே தசை கெட்டு, விட்ட பிறகும் சாகிற பிராணி அது. அதற்கு முன் செய்யக்கூடிய, அதிகச் செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது: உள்ளே ஐந்தாறு இடத்தில் பத்துக்குப் பத்து மீட்டர் கம்பி அடைப்பு போட்டு, மான் புகாத இடத்தில் இரண்டு மூன்று மழைக்கு என்ன முளைக்கிறது என்று பக்கத்துத் திறந்த நிலத்தோடு ஒப்பிட்டு எழுதி வைப்பது. எத்தனை மான் தாங்கும் என்பதை அந்தத் தரை சொல்லும். பாளையங்கோட்டையில் இத்தனை கல்லூரி இருக்கிறது, தாவரவியல் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பஸ் பாஸ் இருக்கிறது. அனுமதியை வனத்துறை கொடுத்தால் இந்த வடகிழக்குப் பருவமழைக்கே ஆரம்பிக்கலாம்.